மண்டோர் அப்பாவு வழியாக

மனித இனம் தன் நினைவுகளை முதலில் கல்லில் செதுக்கியது. பிறகு ஓலையில் கீறியது. பிறகு தாளில் அச்சடித்தது. நான்காவதும் இறுதியுமான கட்டம் 1988ஆம் ஆண்டு ஈப்போவில் தொடங்கியது.

இது பேராக் முன்னாள் தோட்ட மக்கள் ஆவணக் கழகத்தின் தலைவர் பழனியப்பன், திறப்பு விழா அழைப்பிதழுக்காகத் தம் கையாலேயே எழுதித் தந்த வாசகம். நான்காவது கட்டம் தொடங்கிய இடம் ஒரு சைக்கிள் கடையின் மாடி. அங்கே மின்விசிறியையும் கம்ப்யூட்டரையும் ஒரே நேரத்தில் போட்டால் பியூஸ் போய்விடும். ஆகவே மனித இனத்தின் நினைவுகள் ஓடிக்கொண்டிருந்தபோதெல்லாம் கழகத்தார் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மலேசியாவில், பீடோருக்கு உள்ளே இருந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது, ஜனங்கள் ஈப்போவுக்கு வந்து லாரி ஓட்டவும் பேக்டரியில் நிற்கவும் பழகிக்கொண்டார்கள். வரும்போது டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூடப் பரிசுச் சான்றிதழ், ஆட்களை மேய்க்கும் மண்டோர்கள் வரிசையாக நின்று பிடித்துக்கொண்ட போட்டோ எல்லாவற்றையும் கழகம் வாங்கி இரும்பு அலமாரிகளில் அடைத்தது. அடைத்ததோடு சரி. யாராவது வந்து ஒன்றைக் கேட்டால், அது பத்திரமாக இருக்கிறது என்ற பதில் மட்டும் கிடைக்கும்.

இதற்கு ஒரு வழி செய்ய வந்தவர் ஸ்டானிஸ்லாஸ். ஈயச் சுரங்கக் கம்பெனியொன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர். ஈய விலை விழுந்ததும் கம்பெனியும் விழுந்தது. இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தார். மனைவி பியாட்ரிஸ் டீச்சர். பியாட்ரிஸின் தம்பி அவருக்குச் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் வேலை பார்த்து வைத்திருந்தான்; வருகிறாரா இல்லையா என்று வருஷ முடிவுக்குள் சொல்ல வேண்டும். ஸ்டானிஸ்லாஸுக்குப் போக மனமில்லை. ஈப்போவிலேயே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைமையாள் தேடுகிறார்கள். அந்தச் சங்கத்தின் மேலாளர் அலெக்சாண்டர்தான் கழகத்தின் திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர்.

"விழா நல்லா நடந்தா அலெக்சாண்டர் என்னை எடுத்துக்குவாரு. பழனியப்பன் பேசிட்டாரு" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"யார்கிட்ட பேசினாரு?" என்றாள் பியாட்ரிஸ்.

"அலெக்சாண்டரைப் பத்தி எங்கிட்ட பேசினாரு."

"அலெக்சாண்டர்கிட்ட?"

"அதுக்குத்தான்லா விழாவே வைக்கிறாங்க."

பியாட்ரிஸ் தம்பிக்குப் போன் போட்டு, இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

ஸ்டானிஸ்லாஸின் யோசனை ஓர் அமெரிக்கக் கம்ப்யூட்டர் பத்திரிகையின் பழைய பிரதியிலிருந்து வந்தது. தாள்களை வரிசையாக அடுக்கக் கூடாது. ஒன்றோடொன்று முடிச்சுப் போட வேண்டும். திரையில் ஒரு தாள் தெரியும். அதிலுள்ள பெயர்களில் சில தடித்துத் தெரியும். தடித்த பெயரில் நின்று பொத்தானை அழுத்தினால் அந்தப் பெயருக்கு உரிய தாள் வந்துவிடும். அதிலிருந்து இன்னொன்று. இப்படியே ஒரு திருவிழா நோட்டீஸில் புகுந்து ஒரு கல்யாணப் பத்திரிகையில் வெளியே வரலாம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் திரையில் காட்ட முடிந்தது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. கழகத்தில் பாதிப் பேருக்கு அப்படி இருந்தால்தான் அது கம்ப்யூட்டர்.

மாதக்கணக்கில் உட்கார்ந்து தாள்களை அடித்து முடித்தார். பிறகு முடிச்சுப் போடத் தொடங்கினார். செயற்குழுவைக் கூப்பிட்டுக் காட்டினார். செயற்குழு என்பது மூன்று பேர். தலைவர் பழனியப்பன், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பெரிய கிராணியின் மகன், இப்போது லாரி முதலாளி. செயலாளர் சின்னையா, பழைய தொழிற்சங்கக் குடும்பம், இப்போது இன்சூரன்ஸ். மகளிர் பிரிவுத் தலைவி நல்லம்மாள், தையல் கடை வைத்திருப்பவர்.

"இது உங்க தாள் அண்ணே" என்று ஸ்டானிஸ்லாஸ் பழனியப்பனிடம் காட்டினார். "இதுல சின்னையா அண்ணன் பேரு தடிச்சுத் தெரியுது பாருங்க. இதை அழுத்தினா அவரு தாளுக்குப் போயிரலாம்."

பழனியப்பன் விசிறுவதை நிறுத்தினார்.

"யாரு போறது?"

"பார்க்கிறவங்க."

"எங்கேயிருந்து போறாங்க?"

"உங்க தாள்ல இருந்து."

"அப்ப நான் போற மாதிரிதானே? நான் ஏன் அவன் வீட்டுக்குப் போகணும்?"

"வீடு இல்ல அண்ணே. தாள்."

"தாளு யாருது?"

சின்னையா மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலத் தட்டோடு நேரில் வந்து அழைக்கவில்லை. பழனியப்பனின் லாரி டிரைவர் கையிலேயே பத்திரிகையைக் கொடுத்தனுப்பினார். பழனியப்பன் போகவில்லை. பதிலுக்குத் தம் புதுமனைப் பத்திரிகையைத் தபாலில் போட்டார். சின்னையா போகவில்லை. இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கழகம் நடத்துவார்கள், ஒரே பாக்கெட்டில் சிகரெட் எடுப்பார்கள். வீட்டுப் படி மட்டும் ஏற மாட்டார்கள்.

"அவரு வரலாம்" என்றார் பழனியப்பன் பெருந்தன்மையோடு. "அவன் தாள்ல இருந்து என் தாளுக்கு ஒரு வழி வை. நான் தடுக்கல."

"நானா போய் நிக்கணும்?" என்றார் சின்னையா. "தலைவரே, நீங்க எத்தனை தடவை வேணும்னாலும் வாங்க, கோப்பி தாறேன். நான் வரமாட்டேன்."

ஸ்டானிஸ்லாஸ் நல்லம்மாளைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காத தம்பி" என்றார் நல்லம்மாள். "என் கடை திறப்புக்கு ரெண்டு பேரும் வரல. ரெண்டு பேர் தாள்ல இருந்தும் எனக்கு வழி வரட்டும். அப்புறம் என் தாள்ல இருந்து போறதைப் பத்திப் பேசுவோம்."

இப்படி மூன்று தாள்களும் மூன்று தீவுகளாயின. ஒவ்வொருவருக்கும் உறவுக்காரர், கட்சிக்காரர் உண்டு. அவர்களும் தத்தம் தலைவரைப் பார்த்து நடந்துகொண்டார்கள். பழனியப்பன் பக்கத்துத் திருவிழா நோட்டீஸ் சின்னையா பக்கத்துத் திருவிழா நோட்டீஸுக்குப் போகாது, இரண்டும் ஒரே திருவிழா என்றாலும். எல்லா வழியும் உள்ளேதான் வந்தது, வெளியே போகவில்லை. பழனியப்பன் தாளுக்குள் போனவர் கம்ப்யூட்டரை அணைத்துத்தான் வெளியே வர முடிந்தது. பழனியப்பனுக்கு அது பிடித்திருந்தது.

"அலெக்சாண்டர் முன்னாடி இது இப்படி நின்னா நான் சிங்கப்பூருக்குத்தான் போகணும்" என்றார் ஸ்டானிஸ்லாஸ் வீட்டில்.

பியாட்ரிஸ் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "அழைக்காம யாரும் எங்கேயும் போகமாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"சாவுக்குக்கூடவா?"

ஸ்டானிஸ்லாஸ் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார்.

அன்றே செயற்குழுவைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். கல்யாணத்துக்குத்தான் அழைப்பு வேண்டும். சாவுக்கு அழைப்பில்லை, மரியாதையில்லை, யார் முதல் யார் பின் என்பதில்லை; காதில் விழுந்தால் கிளம்ப வேண்டியதுதான். ஒருவர் மற்றவர் வீட்டுக்குப் போக வேண்டாம். எல்லாரும் பொதுவில் ஒரு சாவு வீட்டுக்குப் போகட்டும். அங்கே சந்தித்துக்கொண்டு, அங்கேயிருந்து பிரியட்டும். மூவரும் போன சாவு ஏதாவது உண்டா?

இதை எவரும் அவமானமாக நினைக்கவில்லை. மூவரும் யோசித்தார்கள்.

"மண்டோர் அப்பாவு" என்றார் பழனியப்பன். "தெனம் காலையில பிரட்டுல நின்னு பேர் கூப்பிடுவாரே. ஒரு தோட்டத்தையே பேர் சொல்லி எழுப்பினவரு. அவரு சாவுக்கு நான் போனேன்."

"நீங்க போனீங்களா?" என்றார் சின்னையா. "நான்தானே முன்னாடி நின்னேன். நல்ல மழை அன்னைக்கு."

"மழையா? சுள்ளுன்னு வெயிலு. சுடுகாட்டுல நிக்க முடியல."

"சுடுகாடா? புதைச்சாங்க லா."

"பெண்டு புள்ளைங்களுக்கெல்லாம் அன்னைக்கு நான்தான் சமைச்சுப் போட்டேன்" என்றார் நல்லம்மாள். அதை யாரும் மறுக்கவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அப்பாவுக்கு ஒரு தாள் செய்தார். மண்டோர்கள் போட்டோவில் ஓரத்தில் தொப்பியோடு நிற்பவர் அவர்தான்; அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார். கீழே, 'அன்னாரின் இறுதிச் சடங்கு திரளான மக்கள் முன்னிலையில் சிறப்பாக நடைபெற்றது' என்று அடித்தார். வெயில், மழை, நெருப்பு, மண் எதுவும் வாக்கியத்தில் வரவில்லை. தேதியையும் போடவில்லை, மூவரும் ஆளுக்கொரு வருஷம் சொன்னார்கள்.

இப்போது வழி திறந்தது. பழனியப்பன் தாளிலிருந்து அப்பாவு சாவு. அப்பாவு சாவிலிருந்து சின்னையா தாள். அழுத்திப் பார்த்த சின்னையா திருப்தியோடு தலையாட்டினார். உடனே ஆட்டுவதை நிறுத்தினார்.

"ஏன்லா, சாவு வீட்டுல இருந்து நேரா என் வீட்டுக்கு வாரானா? குளிக்காம?"

"அதானே" என்றார் பழனியப்பன். இருவரும் ஒரே கருத்து சொன்னது அந்த வருஷத்தில் அதுதான்.

ஸ்டானிஸ்லாஸ் வாதம் பண்ணவில்லை. அடித்து வைத்த தாள்களில் குளிக்கத் தோதானது எது என்று தேடினார். மாடிச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஒன்றைக்கூட விடாமல் அவர் ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார்: 'கழிப்பறை, குளியலறைச் சாவி கீழே தவுக்கேயிடம் உள்ளது. உபயோகித்தபின் தண்ணீர் ஊற்றவும்.' கீழே சைக்கிள் கடை நடத்தும் சீன முதலாளி சொல்லி எழுதி ஒட்டிய அறிவிப்பு அது. அதை அப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் வைத்தார். இனி யார் எங்கே போவதானாலும் அப்பாவு சாவுக்குப் போய், குளித்துவிட்டுத்தான் அடுத்த தாளுக்குப் போவார்கள்.

செயற்குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. அதற்கு 'அறிவு மாளிகை' என்று பழனியப்பன் பெயர் வைத்தார்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. பியூஸ் காரணமாக விசிறி நிறுத்தப்பட்டிருந்தது. அலெக்சாண்டர் கோட்டுப் போட்டு வந்தார், வந்தபின் கழற்ற முடியாமல் உட்கார்ந்திருந்தார். தோட்டத்துக்காரர்கள் மாடி நிறைய வந்திருந்தார்கள். அழைப்பிதழில் மதிய உணவு உண்டு என்று போட்டிருந்தது. வெளியூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். கடைசி வரிசையில், ஜன்னல் பக்கம், கோலா கங்சாரிலிருந்து வந்த ஒரு கிழவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிகழ்ச்சி நிரலில் முதலில் அமரர் மண்டோர் அப்பாவுக்கு மௌன அஞ்சலி. எல்லாரும் எழுந்து நின்றார்கள். கிழவரும் எழுந்து நின்றார்.

அடுத்து அலெக்சாண்டர் பேசினார். தம் தந்தை சந்தியாகு தோட்ட நிர்வாகத்தோடு நெருங்கிப் பணியாற்றியவர் என்றார். சந்தியாகு பால்வெட்டியவர் என்பது பின்வரிசைக்குத் தெரியும். நிர்வாகம் பக்கத்திலேதான் இருந்தது என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. "மண்டோர் அப்பாவு அவர்களின் இறுதி ஊர்வலத்தில் நடந்து சென்றவர்களில் நானும் ஒருவன் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்" என்று முடித்தார். பழனியப்பனும் சின்னையாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஆமாம் ஆமாம், பார்த்தோம் என்பதுபோல் தலையசைத்தார்கள்.

பிறகு கம்ப்யூட்டர். திரை சிறியது. பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால், வருகிற தாளின் தலைப்பை சின்னையா மைக்கில் வாசிப்பதாக ஏற்பாடு. அலெக்சாண்டர் தந்தையின் பெயரை அடித்தார். வந்தது. அதிலிருந்து தலைவர் பெயரை அழுத்தினார்.

"மண்டோர் அப்பாவு" என்று சின்னையா வாசித்தார்.

"இருக்கேன்" என்றது ஒரு குரல் பின்னாலிருந்து.

யாரோ ஏதோ கேட்கிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். அலெக்சாண்டர் அடுத்ததை அழுத்தினார்.

"கழிப்பறை, குளியலறைச் சாவி கீழே தவுக்கேயிடம் உள்ளது" என்று சின்னையா வாசித்தார். ஒருவர் எழுந்து நன்றி சொல்லிவிட்டுக் கீழே போனார்.

தலைவர் தாள் வந்தது. கைதட்டல். அலெக்சாண்டர் சின்னையா பெயரை அழுத்தினார்.

"மண்டோர் அப்பாவு."

"இருக்கேன்."

"கழிப்பறை, குளியலறைச் சாவி..."

இந்தத் தடவை இரண்டு பேர் போனார்கள். அலெக்சாண்டர் ஸ்டானிஸ்லாஸ் பக்கம் திரும்பி, "இது ஏன் அடிக்கடி வருது?" என்று மெல்லக் கேட்டார்.

"முக்கியமான சந்திப்பு சார் அது."

அலெக்சாண்டர் நல்லம்மாள் பெயரை அழுத்தினார். சின்னையா மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு முறை பின்வரிசையை உற்றுப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் வாசித்தார்.

"மண்டோர் அப்பாவு."

"இருக்கேன்னு சொல்றேன்லா. எத்தனை தடவை கூப்பிடுவ?"

கிழவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். காலைப் பிரட்டில் ஆஜருக்குப் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லாதவனுக்கு அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. ஆயுள் முழுக்க அதைப் பிறருக்குச் சொன்னவர். தொப்பி போட்டதும் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர் அவர்தான் என்பது மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது.



"வாங்க அண்ணே" என்றார் பழனியப்பன். "உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம். பசியாறியாச்சா?"

"ஆச்சு. எனக்கா எந்திரிச்சு நின்னீங்க? நான் வேற அப்பாவுன்னு நெனச்சேன்."

அலெக்சாண்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நல்லம்மாள் சாப்பாட்டைப் பார்க்கப் போனார். சின்னையா மைக்கை அணைத்துவிட்டு ஸ்டானிஸ்லாஸின் காதருகே வந்தார்.

"இவரு உசிரோட இருந்தா அது சாவு வீடு இல்ல. அப்ப நான் இவ்வளவு நேரம் நேரா தலைவரு வீட்டுக்குத்தான் போய்க்கிட்டு இருந்தேனா? முடிச்சை அவுரு."

"முதல்ல என் முடிச்சை அவுரு" என்றார் பழனியப்பன் இன்னொரு காதில்.

ஸ்டானிஸ்லாஸுக்குச் சிங்கப்பூர் தெரிந்தது. அப்பாவுவைப் பிரித்தால் மாளிகை மூன்றாக உடையும், அதுவும் அலெக்சாண்டரின் கண் எதிரில். அவர் இருவரையும் விட்டுவிட்டு நேராகக் கிழவரிடம் போனார். கிழவர் திரையில் தம் தாளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க இதுல செத்துப்போயிருக்கீங்க."

"போட்டிருக்கே, பார்த்தேன்."

"நீங்க செத்திருந்தாத்தான் இவங்க ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போக முடியும். உசிரோட இருந்தா எல்லா வழியும் அடைச்சுக்கும்."

கிழவர் பழனியப்பனையும் சின்னையாவையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேர் அப்பனையும் அவருக்குத் தெரியும்.

"எனக்குச் சோறு உண்டா?"

"உண்டு ஐயா."

"அப்ப நான் செத்ததாவே இருந்துட்டுப் போறேன். ஆனா கூட்டம் நல்லா இருந்துச்சுன்னு போட்டிருக்கல்ல? அதை எடுத்துராத."

எடுக்கவில்லை. பழனியப்பன் மைக்கைப் போட்டு, அமரர் அப்பாவு அவர்களே நேரில் வந்து அறிவு மாளிகையை வாழ்த்தியதாக அறிவித்தார். பலத்த கைதட்டல். சின்னையா பொன்னாடை போர்த்தினார். பொன்னாடை அலெக்சாண்டருக்காக வாங்கியது. அலெக்சாண்டர் அதைப் பொருட்படுத்தும் நிலையில் இல்லை. அப்பாவு கோழிக்கறியோடு சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கீழே போய், தவுக்கேயிடம் சாவி வாங்கிக்கொண்டார்.

அலெக்சாண்டர் கிளம்பும்போது ஸ்டானிஸ்லாஸைக் கீழே தம் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இன்னைக்கு நான் பேசினது அந்த மிஷின்ல ஏறுமா?"

"ஏத்தச் சொல்லித் தலைவர் சொல்லியிருக்காரு சார்."

"ஊர்வலம் போனேன்னு சொன்னது?"

"நீங்க சொன்னா ஏறாது சார்."

அலெக்சாண்டர் காடிக் கதவைத் திறந்தார். "ஜனவரியில வந்து சேர்ந்துக்க" என்றார். "இப்படி யோசிக்கிற ஆளுதான் எங்களுக்கு வேணும்."

பியாட்ரிஸ் தம்பிக்குப் போன் போட்டாள். கப்பல் பட்டறை வேலைக்கு வேறு ஆள் போனான். ஸ்டானிஸ்லாஸ் கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்தார். ஞாயிறுகளில் மட்டும் கழகத்துக்குப் போய் முடிச்சுகளைச் சரிபார்த்து வந்தார். எல்லாரும் அப்பாவு வழியாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு, கோலா கங்சாரில், மகள் வீட்டில், அப்பாவு இறந்துபோனார். மகள் கழகத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள். சின்னையா ஸ்டானிஸ்லாஸுக்குச் சொன்னார். ஸ்டானிஸ்லாஸ் ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்து அப்பாவு தாளைத் திறந்து பார்த்தார். மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

பழனியப்பன் தாம் ஏற்கெனவே போயாகிவிட்டது என்றார். சின்னையாவும் நல்லம்மாளும் அதையே சொன்னார்கள். அலெக்சாண்டரிடம் யாரும் சொல்லவில்லை. அடக்கத்தன்று கூட்டுறவுச் சங்கத்தில் புதுப் பிரிண்டர் வந்து இறங்கியது. ஸ்டானிஸ்லாஸும் போகவில்லை.